பக்கத்து நாற்காலிக்கு ஒரு சங்கம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே என் மூக்குக்கண்ணாடியும் நர்ஸ் வேலையும் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. அதற்கு மேல் நலமென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. உன் நலத்தைப் பற்றி உன் அம்மா, அதுதான் என் அக்கா, சொன்னாள். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதி, அக்காவிடமே கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டிருப்பது ஒரே கேள்வி. வியாழக்கிழமை விசாரணைக்கு முன்னால் நர்ஸுகள் சங்கத்தில் சேரட்டுமா, அதில் ஏதாவது பிரயோசனம் உண்டா? பதிலும் ஒரே சொல்தான். வேண்டாம். ஆனால் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்பது நிர்வாகத்தின் பழக்கம், என்னுடையதல்ல.

முதலில் உன் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொள். உன் வார்டில் ஒரு வயதான அம்மாள் கட்டிலிலிருந்து விழுந்து இறந்துபோனார். அந்தக் கட்டிலின் பக்கக்கம்பி நிற்காது என்று நீ மேலிடத்தில் சொன்னாய். உனக்கு முன்னால் அங்கே இருந்தவளும் சொல்லியிருக்கிறாள். கடைசியில் பேண்டேஜ் துணியால் கட்டி வைத்தீர்கள். வார்டு முழுவதற்கும் நீ ஒருத்தி. அவர் விழுந்தபோது நீ வேறொரு கட்டிலில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தவரின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். யாரையாவது விசாரித்தாக வேண்டும். கம்பியைக் கூப்பிட்டால் வந்து நாற்காலியில் உட்காராது, உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை போகலாம். அதை மழுப்பிச் சொல்ல எனக்குத் தெரியாது.

இனி சங்கம். நான் அதில் சேர்ந்தபோது உன் வயதுதான். முதல் ஆண்டு எனக்கு ஒரு குடை கொடுத்தார்கள். சங்கத்தின் சின்னம் பொறித்தது. வீட்டுக்குள் அழகாக விரியும். மழையைக் கண்டால் மூடிக்கொள்ளும். அந்தச் சங்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் அன்றே தெரிந்துகொண்டிருக்கலாம், எனக்குத்தான் புத்தி போதவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் வரவேற்புரை முடிவதற்குள் பாதிப் பேருக்கு டூட்டி நேரம் வந்துவிடும், மீதிப் பேர் சாப்பாட்டுக்காக இருப்பார்கள், பந்தி முடிந்து அவர்களும் போன பிறகு தீர்மானம் நிறைவேற்றுவார்கள், அப்போதுதான் எதிர்த்துப் பேச ஆள் இருக்காது. மாநாட்டுப் புகைப்படத்தில் என் முழங்கை மட்டும் விழுந்திருந்தது. பத்திரிகையில் போட்டு, கீழே "உற்சாகமான உறுப்பினர்கள்" என்று எழுதினார்கள். என் முழங்கைக்கு என்ன உற்சாகம் என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். என் விசாரணையில் அவர்கள் செய்ததை மட்டும் மன்னிக்க முடியாது. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய், உனக்குத் தெரிந்திருக்காது.

மூச்சுத்திணறலோடு ஒரு லாரி டிரைவர் என் வார்டில் இருந்தார். ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டர் பூட்டிய அறையில் இருந்தது. சாவி வைத்திருந்த ஆள் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போயிருந்தான். நான் தீயணைப்பு உருளையைத் தூக்கிப் பூட்டை உடைத்து, சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மனைவி அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். விசிறி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. என்மீது இரண்டு குற்றச்சாட்டுகள் வந்தன. ஒன்று சாவு, இன்னொன்று பூட்டு. பூட்டைப் பற்றியதுதான் நீளமாக இருந்தது.

விசாரணையில் சங்கத்து ஆள் ஒருவர் நம் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். வாயைத் திறக்கக் கூடாது. உட்காரலாம், அவ்வளவுதான். அப்படி உட்கார யாரை அனுப்பினார்கள் தெரியுமா? ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரை. யார் பேசினாலும் நடுவில் வெட்டுவதால் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் கத்திரி. எனக்கு வர வேண்டிய பதவி உயர்வைத் தட்டிக்கொண்டு போனவள். அவளோடு நான் பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. வந்தாள், உட்கார்ந்தாள், எதிரே ஐந்து பேர் கோப்பைத் திறப்பதற்குள் தூங்கிவிட்டாள். என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு. இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நேராக வந்திருக்கிறாள். அப்படி வரச்சொல்லி யார் அழுதார்கள்?

அந்த ஐவரில் ஒருவரான துணை இயக்குநர் மேசையைத் தட்டிக் கத்த ஆரம்பித்தார். நடுவில் இருந்த பெரியவர் அவர் கையைப் பிடித்து, "மெதுவா பேசுங்க சார், அந்தம்மா தூங்குறாங்க" என்றார். அதன் பிறகு விசாரணை முழுவதும் குசுகுசுவென்றே நடந்தது. குசுகுசுவென்று ஒரு மனிதனை மிரட்ட முடியாது, முயன்று பார்த்தால் தெரியும். "பூட்டை ஏன் உடைச்சீங்க?" என்று துணை இயக்குநர் காதோடு கேட்பதுபோல் கேட்டார். "ஆள் செத்துக்கிட்டிருந்தார் சார்" என்று நானும் அதே குரலில் சொன்னேன். கத்திச் சொல்லியிருந்தால் திமிர் என்று எழுதியிருப்பார்கள். ஐந்து பேரும் கோப்பைப் புரட்டினார்கள். அவள் குறட்டை மட்டும் கேட்டது.

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பூட்டின் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். நான் விதிகளையெல்லாம் மேற்கோள் காட்டி ஒரு உரை தயாரித்து, மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அதில் ஒரு வரியைக்கூடச் சொல்ல முடியவில்லை. அது இன்னும் தொண்டையிலேயே இருக்கிறது. அதற்கு யார் பொறுப்பு? எல்லாம் முடிந்ததும் கத்திரி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "முடிஞ்சிருச்சா பிரதர்? ஏதாவது சொன்னாங்களா?" என்றாள். நான் எழுந்து வெளியே நடந்தேன். பேசுவதில்லை என்ற முடிவு அப்போதும் அமலில் இருந்தது.

ஆக, இதுதான் சங்கம். ஆபத்து வந்தால் தூங்குவதற்கு ஒரு ஆளை அனுப்பும். யோசித்துப் பார்.

அக்காவைக் கேட்டதாகச் சொல். அவள்தானே கடிதத்தைக் கொண்டுவருகிறாள், இருந்தாலும் சொல். வேளைக்குச் சாப்பிடு. அந்த அம்மாள் முகம் கண்ணை மூடினால் வருகிறது என்றாயாம். வரும். எனக்கு அந்த விசிறி வருகிறது. உன் கை நடுங்காமல் இருக்கட்டும், உன் பெயர் கெடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: நேற்று சங்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். திட்டத்தான் போனேன். கத்திரிதான் இப்போது செயலாளர். நான் ஆரம்பிப்பதற்குள், "வியாழக்கிழமை ஒரு சின்னப் பொண்ணுக்கு உட்கார ஆள் இல்ல, நீங்க போறீங்களா?" என்று வெட்டினாள். நீ சேரப்போகிறாய் என்று அக்கா முந்திக்கொண்டு சொல்லிவைத்திருக்கிறாள். உறுப்பினர் படிவம் இதோடு இருக்கிறது. பரிந்துரைப்பவர் இடத்தில் இருப்பது என் கையெழுத்து. உன்னுடையது மட்டும் பாக்கி. உறவினர் உட்காரக் கூடாது என்று எங்கோ ஒரு விதி இருக்கிறதாம், அதனால் அந்த அறையில் என்னை மாமா என்று கூப்பிட்டுத் தொலைக்காதே. புதன்கிழமை இரண்டு ஷிப்டையும் நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். முடிந்ததும் நேராக வந்துவிடுவேன். தூங்கிவிட்டால் எழுப்பாதே.