முத்திரை தெரிய வேண்டும்

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல; தோண்டிய பள்ளத்தை மூடுவதற்கு முன்னால் எடுக்கப்படும் போட்டோதான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. எங்கள் பேரூராட்சியின் பாதாளச் சாக்கடைத் திட்டத்தில் அந்தப் போட்டோவை எடுக்கும் பணியாளன் நான்.

எங்கள் ஊர் கடைமடை. காவிரி வந்து சேர்வதற்குள் களைத்துவிடும்; கடல்தான் பக்கத்தில். எங்கே தோண்டினாலும் உப்பு. ஜன்னத் பீவி வீட்டுக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். தெரு முழுக்க அதில்தான் சோறு பொங்குகிறது. அந்தக் கிணற்றிலிருந்து நாலு எட்டில், வீட்டுச் சாக்கடைக் குழாய்கள் வந்து சேரும் செங்கல் தொட்டியை, அதாவது 'சேம்பரை', கட்டும்படி வரைபடம் சொன்னது. வரைபடத்தில் கிணறு இல்லை. எனவே கிணறு இல்லை.

கொத்தனார் கனகா மீனவர் வீட்டுப் பெண். சிறு வயதிலிருந்தே அப்பாவின் படகில் ஓட்டை அடைத்தவர். தண்ணீர் எங்கே புகும் என்று அவருக்குத் தெரியும். அரசு வேலைக்கு இது பெரிய இடைஞ்சல்.

அவர் பிளாஸ்டிக் குழாயின் முனையில் பசை தடவி, அதன்மேல் மணலைத் தூவிக் காயவைத்தார். தொட்டிச் சுவரின் ஓட்டையில் செருகிப் பார்த்துவிட்டுச் சிமெண்ட் குழைக்கும்போது பொறியாளர் ஹரிஹரசுப்ரமணியன் வந்தார்.

"என்னம்மா இது, குழாய்க்குச் சொறி பிடிச்ச மாதிரி?"

"பிளாஸ்டிக்க சிமெண்ட் பிடிக்காது சார், வழுக்கிரும். மணல் ஒட்டியிருந்தா அத நல்லா கவ்விக்கும். ஒரு சொட்டு கசியாது."

"கம்பெனி முத்திரை எங்க?"

"மணலுக்கு அடியில சார்."

"சேர்ற இடத்துல முத்திரை தெரியணும். இல்லைன்னா செல்போன்ல நாம போட்டோ ஏத்துற அரசாங்க ஆப் அத ஏத்துக்காது."

"அப்ப மொதல்ல போட்டோ எடுத்துக்குங்க. அப்புறமா மணல் பூசிக்கிறேன்."

பொறியாளர் பதறிப்போனார். "போட்டோவுல ஒண்ணு, பூமிக்குள்ள ஒண்ணா? இது மோசடிம்மா!"

நேர்மைக்காக உடல் நடுங்கிய ஓர் அதிகாரியை அன்றுதான் பார்த்தேன்.

"மணல நான் எடுக்க மாட்டேன் சார்" என்று கனகா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். ஆகவே அந்தத் தேசப்பணி என் கைக்கு வந்தது. குழாயை உருவிக் கத்தியால் மணலை வழித்தேன். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். முத்திரை கல்யாணப் பாத்திரம் மாதிரி மின்னியது. மறுபடி செருகிப் படம் எடுத்தேன். வேறு ஆள் வந்து சிமெண்ட் பூசினார். அந்தப் படத்துக்கு மாவட்ட அளவில் முதல் பரிசு கிடைத்தது.

ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பியது. மூன்றாம் நாள் ஜன்னத் பீவி ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரோடு அலுவலகத்துக்கு வந்தார். கூடவே கனகாவும்.

பொறியாளர் டீயை உறிஞ்சியபடி, சுவரில் மாட்டியிருந்த பரிசுப் படத்தைக் காட்டினார். "நீங்களே பாருங்கம்மா. இதுல எங்க கசியுது?"

"போட்டோவுல நாத்தம் தெரியாது தம்பி. தெருவுல பாதிப் புள்ளைங்களுக்கு வயித்தால போகுது."

"ஒரு நாள் குடுங்க சார்" என்றார் கனகா. "இணைப்ப ஒடச்சு, மணல் பூசி மறுபடி வச்சுத் தர்றேன்."

"பரிசு வாங்குன வேலைய ஒடைக்கிறதா? தம்பி, அந்த டம்ளர ஒரு படம் எடுங்க."

எடுத்தேன். படத்தில் தண்ணீர் பன்னீராகத் தெரிந்தது. 'புகாரில் உண்மை இல்லை' என்று கோப்பு மூடப்பட்டது.

ஜன்னத் பீவி பொறியாளரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த டீ எங்கேருந்து வருது தம்பி?"

"உங்க தெருமுனைக் கடைதான். ஏன்?"

"அவங்களும் என் கிணத்துலதான் எடுக்குறாங்க."

பொறியாளர் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார்.

நிர்வாகம் மெத்தனம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். ஒரே மணி நேரத்தில் அலுவலகத்துக்குக் கேன் தண்ணீர் வந்து இறங்கியது. இன்றுவரை ஒரு நாள்கூடத் தவறவில்லை.

தெருவையும் நாங்கள் கைவிடவில்லை. பரிசுப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, கிணற்றடியில் மாட்டியிருக்கிறோம். தாகம் எடுத்தால் பார்த்துக்கொள்ளலாம்.