நாற்பதாவது துப்பாக்கியின் நம்பர்

நம்பர் தெரியத் துப்பாக்கித் துருவைத் தேய்க்கச் சொன்னால், சின்னதுரை நம்பரையே தேய்த்துவிட்டான்.

கிரைண்டரை நிறுத்திக் குனிந்து பார்த்தான். கிரீடம் இல்லை, அம்புக்குறி இல்லை, 1917 இல்லை. நம்பர் இருந்த இடம் கழுவின எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது.

"இன்னாடா பண்ணி வெச்சிக்கிற?" என்றான் உலைக்கு இரும்பு தள்ளும் ஸ்டீவன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த உருக்காலைக்குக் காலையிலேயே போலீஸ் லாரி வந்திருந்தது. வெள்ளைக்காரன் காலத்து ரைஃபில்கள், மொத்தம் நாற்பது. சப்-இன்ஸ்பெக்டர் நம்பரை வாசிப்பார், ரைட்டர் வரதன் பட்டியலில் டிக் அடிப்பார், அப்புறம் துப்பாக்கி உலைக்குள் போகும். முப்பத்தொன்பது போய்விட்டது. கடைசி ஒன்றுதான் சின்னதுரை கையில். போலீஸ்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"நம்பர் இல்லாத துப்பாக்கின்னா தீவிரவாதி துப்பாக்கிடா. உன்னையும் அதே லாரில ஏத்திக்கினு போவாங்க."

சின்னதுரைக்கு ஒன்பது வருஷக் காண்ட்ராக்ட் பிழைப்பு. வரும் மாதம் பர்மனென்ட் ஆர்டர். போலீஸ் ஒரு வார்த்தை சொன்னால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

கிரீஸைப் பூசினான். தேய்த்த இடம் இன்னும் பளபளத்தது. துரு ஏறட்டும் என்று உப்புத் தண்ணீர் ஊற்றினான். அந்த இடத்தை விட்டுவிட்டு அவன் சட்டையெல்லாம் நனைந்தது.

"பேசாம உலையில போட்டுட்டா?"

"ஒண்ணு குறையுதுன்னு உன் ஊடு வரைக்கும் வந்து தேடுவாங்க. பில்லட் இரும்புக் கட்டிக்கு நம்பர் அடிக்கிற பஞ்ச் இருக்குதில்ல? எடுத்து அடி."

"இன்னா நம்பர்னு அடிக்கிறது?"

"டிக் விழாத நம்பர்தான்."

மேஜையில் பட்டியல் கிடந்தது. டிக் இல்லாத ஒரு வரி கண்ணில் பட்டது. பக்கத்தில் சிவப்பு மையில் இங்கிலீஷில் என்னமோ. சின்னதுரைக்கு எண் படிக்க வரும், இங்கிலீஷ் வராது. அதற்குக் கீழே இன்னும் டிக் இல்லாத வரி உண்டா என்று பார்க்குமுன் காலடிச் சத்தம். நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடிவந்தான்.

ஐந்து எண்ணையும் அடித்தான். கிரீடத்துக்குப் பஞ்ச் இல்லாததால் உளியால் கீறினான். கோழிக் கொண்டை மாதிரி வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைக் கண்ணருகே தூக்கினார். "நம்பர் என்னய்யா இவ்ளோ பெருசா இருக்கு?"

"அந்தக் காலத்து ஆளுங்களுக்குக் கண்ணு தெரியாது சார்," என்றான் ஸ்டீவன்.

"இது?"

"கிரீடம் சார்," என்றான் சின்னதுரை.

சப்-இன்ஸ்பெக்டர் நம்பரை வாசித்தார். பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் பாதியில் நின்றது.

"வரதன், இது நீங்க சிவப்புல எழுதினதாச்சே. 'மிஸ்ஸிங்', காணாமப் போச்சுன்னு போட்டிருக்கு."

வரதன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். துப்பாக்கியை இரண்டு கையாலும் வாங்கி, அந்த ஐந்து எண்ணையும் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார்.

சின்னதுரை வாயைத் திறந்தான். ஸ்டீவன் அவன் காலை மிதித்தான்.

"இத உலையில போட வேணாம் சார், கோர்ட்டுக்கு எடுத்துக்கினு போவணும்," என்றார் வரதன். "இதத் தொலைச்சாருன்னுதான் போலீஸ்ல இருந்த எங்க நைனாவ வேலைய விட்டுத் தூக்குனாங்க. தொலைக்கலன்னு சொல்லிக்கினே செத்தாரு."