பதினாறாம் அட்டையில் இருக்கும் கரண்டி

மதிப்பிற்குரிய ஹேமலதா மேடம் அவர்களுக்கு,

லாஸ்பேட்டையிலிருந்து நான்காம் வகுப்பு மெரினின் அம்மா பிரிஸ்கில்லா எழுதுவது. இந்த அகால நேரத்தில் உங்கள் போனில் மெயில் வந்த சத்தம் கேட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள். பகலில் எழுத உட்கார்ந்தால் வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பார். நீங்களும் அருங்காட்சியகத்தில் மற்றவர்களும் நலமென்று நம்புகிறேன். நாங்கள் உடம்புக்கு நலம்.

நீங்கள் பள்ளிகளில் நடத்தும் 'நம் வீட்டில் ஊர் வரலாறு' நிகழ்ச்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள், அதைப் பற்றி ஐம்பது வார்த்தை, அவ்வளவுதான் கேட்டீர்கள். மெரின் அந்தத் தாளை என்னிடம் நீட்டியதுதான் கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி. எங்கள் வீட்டில் எல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியவை, ரொம்பப் பழசு என்றால் என் கல்லூரி கால்குலேட்டர். அப்போதுதான் சண்டே மார்க்கெட்டில் நான் வாங்கிவந்த பித்தளைக் கரண்டி நினைவுக்கு வந்தது. பார்க்கப் பழசு மாதிரி இருக்கும். "காலையில அந்தக் கரண்டியப் புள்ள பையில வெச்சிடுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, ஐம்பது வார்த்தையை நானே எழுதினேன். நான் பி.காம்., வரலாறு எனக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. என் கணவரின் கொள்ளுத் தாத்தா லூயிஸ் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் மாளிகைக் குசினியில் சமையல்காரர் என்றும், கவர்னருக்கு இந்தக் கரண்டியால்தான் சூப் ஊற்றினார் என்றும் எழுதினேன். லூயிஸ் என்பதும் நான் போட்ட பேர்தான். எங்கள் ஆட்களில் எந்தக் குடும்பத்திலும் ஒரு லூயிஸ் இருப்பார் என்ற தைரியம். எண்ணிப் பார்த்தால் நாற்பத்திரண்டு வார்த்தைதான் வந்தது, அதனால் சூப்பில் முருங்கைக்கீரையும் போட்டுவிட்டேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை ஏற்கவில்லை. வீட்டுப் பெரியவர் யாரையாவது விசாரிக்க வேண்டும் என்றீர்கள். தப்பித்தேன் என்று கதிர்காமத்தில் இருக்கும் அந்துவான் பெரியப்பாவின் நம்பரைக் கொடுத்தேன். என் மாமனாரின் அண்ணன், அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்பார், விஷயம் முடிந்துவிடும் என்று பார்த்தால், அவர் உங்களிடம் அரைமணி நேரம் பேசியிருக்கிறார், அழுதும் இருக்கிறார். மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"லூயிஸ் தாத்தா கை வெச்சாத்தான் கவர்னரு வாயத் தொறப்பாராம்மா."

"பெரியப்பா, தாத்தா பேரு நெசமாவே லூயிஸா?"

"பின்ன? நீதான எழுதியிருக்கே."

அதற்குமேல் நான் என்ன கேட்க முடியும். கரண்டி கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. வெட்கத்தில் நான் இன்றுவரை அந்தப் பக்கம் போகவில்லை. வகுப்பறைகளுக்கு நீங்கள் அனுப்பும் வரலாற்றுப் பெட்டியில் அதன் கதை பதினாறாம் அட்டையாகவும் அச்சாகிவிட்டது. அட்டையைப் பார்த்து சேதராப்பட்டிலிருந்து லூர்துசெல்வி அத்தை, பெரியப்பாவின் தங்கை, ஆட்டோ பிடித்து வந்தார். "கரண்டி பொண்ணுங்களுக்குத்தான் சேரணும். இவன் என்னிக்கு அடுப்பாண்ட நின்னான்?" என்றார். "மியூசியத்துல இருக்கறத எடுத்தாந்து சாம்பார் கிண்டப் போறியா?" என்றார் பெரியப்பா. இப்போது கோயிலில் இருவரும் ஆளுக்கொரு ஓரமாக உட்காருகிறார்கள். இவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, யாரோ எப்போதோ சொன்னதைத்தான் நான் எழுதினேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. இல்லை, நான்தான் எழுதினேன், அப்போது இட்லிக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

இவர்கள் எப்படியோ போகட்டும், என் கவலை மெரின்தான். சனிக்கிழமை உங்கள் கூட்டத்தில் நாற்பது பள்ளி ஆசிரியர்கள் முன்னால் அவள்தானே அந்த அட்டையைப் பற்றிப் பேசப்போகிறாள். நேற்று தலை பின்னும்போது, "யாராச்சும் இது பொய்னு சொன்னா என்னம்மா சொல்லணும்?" என்றாள்.

"ஏண்டி அப்படிக் கேக்கற?"

"எங்க கிளாஸ் வெற்றிச்செல்வன் தாளை அவங்க அம்மாவே இட்டுக்கட்டி எழுதினாங்களாம். எங்க வீட்டுல அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டேன் மேடம்.

ஆகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் கரண்டி சண்டே மார்க்கெட் கரண்டி, கதை என் கதை. அந்த அட்டையைச் சனிக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள். மெரினிடம் நாளைக் காலையில் நானே சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன பொய்யை அவள் மேடையேறிச் சொல்ல வேண்டாம். உங்களுக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மாதா துணையிருக்கட்டும்.

பணிவுடன்,
பிரிஸ்கில்லா ரிச்சர்ட்

பி.கு.: இதை அனுப்பும் முன் தண்ணீர் குடிக்கப் போனேன். மிக்ஸிக்குப் பின்னால் சண்டே மார்க்கெட் கரண்டி, கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பேப்பரோடு அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரரை எழுப்பிக் கேட்டேன். "கரண்டி வெக்கச் சொன்னே. அப்பா ட்ரங்குப் பெட்டியில கெடந்ததக் குடுத்தேன். யாரு கரண்டின்னு அப்பாவும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல" என்று திரும்பிப் படுத்துவிட்டார். அப்படியென்றால் உங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது யாருடைய கரண்டி? நான் சொன்னது பொய்தானா என்பதுகூட இப்போது தெரியவில்லை. மெரின் ஆறு மணிக்கு எழுந்துவிடுவாள். அவளிடம் என்ன சொல்லட்டும் என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.