அதிபரை எழுப்பிய தொண்டை

ஃபெம்கே காலையில் எழுந்து கணவனிடம் காபி கேட்டாள். வெறும் காற்றுதான் வந்தது.

"என்னது?" என்றான் யெல்லே.

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"கடல்ல குதிக்காதேன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டியா?"

புத்தாண்டன்று ஆரஞ்சுத் தொப்பி மாட்டிக்கொண்டு ஸ்கேவனிங்கன் கடற்கரையின் பனித்தண்ணீரில் குதிக்காவிட்டால், ஹேக் நகரத்துக்காரர்களான எங்களுக்கு வருடம் பிறந்த மாதிரியே இருக்காது. அன்று கரகரத்த தொண்டை இன்று ஒரேயடியாகக் கடையைக் கட்டிவிட்டது.

குரல் இன்றைக்கா போக வேண்டும்? ஃபெம்கே சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சேவகி. நீதிபதிகள் வரும்போது "அனைவரும் எழுந்து நிற்கவும்" என்று சொல்வது அவள் வேலை. இன்று கூண்டில் உட்காரப்போகிறவர் தொமாலா நாட்டு அதிபர் பலூக்கா. மாஜி அல்ல, இன்றும் பதவியில் இருப்பவர். ஊர் ஊராகக் கொளுத்தச் சொன்னதாக வழக்கு. 'நான் யாருக்கும் எழுந்து நிற்பதில்லை, என்ன செய்துவிடுவார்கள்' என்று தொலைக்காட்சியில் சிரித்துவிட்டு, சொந்த விமானத்தில் வந்து இறங்கியிருந்தார்.

அவர் எழாவிட்டால் நீதிமன்றம் உலகத்தின் முன் சிரிப்பாய்ச் சிரித்துப்போகும். அவரை எழுப்ப வேண்டிய குரல் இவளுடையது. விடுப்புப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

"இதைச் சப்பு, சரியாயிடும்" என்று யெல்லே கறுப்பு நிற உப்பு அதிமதுர மிட்டாயை ஒரு கை அள்ளிக் கொடுத்தான். குரல் வரவில்லை. நாக்கும் பல்லும் தார் பூசியது போல் கறுத்தன.

நீதிமன்றத்து உணவகத்தில் சோம்புப் பால் காய்ச்சித் தந்தார்கள். சளி கட்டியது. கொஞ்சநஞ்சம் இருந்த காற்றும் விசிலாக மாறியது.

"பச்சை வெங்காயத்தைக் கடிச்சு மெல்லு. எங்கம்மா வைத்தியம்" என்றான் வாசல் காவலன். மென்றாள். கண்ணிலிருந்து அருவி கொட்டியது.

மேலதிகாரி மெர்டன்ஸ் எதிரே வந்தார். "ஏம்மா, அழுதியா? பயமா இருக்கா?"

ஃபெம்கே வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாது.

பலூக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொன்னால், அந்த ஆளைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. விரலை அசைத்து ஒரு நாட்டையே ஆட்டிவைத்தவர், ஒரு சாதாரண நாற்காலியில், எல்லோரையும் போல. பூமியில் இப்படியும் ஓர் அறை இருக்கிறதே என்று மலைப்பாக இருந்தது.

நீதிபதிகளின் கதவு அசைந்தது. ஃபெம்கே மூச்சை இழுத்து வாயை அகலமாகத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கறுத்த நாக்கு மட்டும் தெரிந்தது.

வக்கீல்கள் விழித்தார்கள். ஒருவரும் எழவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தாள்.

அப்போது கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், பார்வையாளர் வரிசையில், நீலத் தலைத்துணி கட்டிய ஒரு பெண் எழுந்து நின்றாள்.

பலூக்கா அந்தப் பக்கம் திரும்பினார். நீட்டிய கால் மடங்கியது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, முழுசாக எழுந்து நின்றார். அதைப் பார்த்து அறை மொத்தமும் எழுந்தது. நீதிபதிகள் உள்ளே வந்தார்கள். ஃபெம்கேவுக்கு மறுபடியும் கண்ணீர் வந்தது. இது வெங்காயத்தால் அல்ல.

"ஒரு வார்த்தை பேசாம, பார்வையிலேயே எழுப்பிட்டியே" என்று இடைவேளையில் மெர்டன்ஸ் வியந்துபோனார். நிருபர்கள் 'சட்டத்தின் மௌனம்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஃபெம்கே நேராக நீலத் தலைத்துணிக்காரியிடம் போனாள். காதருகே குனிந்து, கிசுகிசுப்பாக, "நீங்க எழுந்ததாலதான் என் மானம் தப்பிச்சுது. நான் சொல்ல வந்தது எப்படிப் புரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"நான் உங்களைப் பாக்கவே இல்லையேம்மா" என்றாள் அவள். "நான் அவரு வீட்டுல சமைச்சவ. எங்க ஊரைக் கொளுத்தினப்ப நானும் செத்துட்டேன்னுதான் இவ்வளவு நாளா அவரு நினைச்சிட்டிருந்தாரு."