பங்களாவின் முன்கதவு

நான் ஆற்றிய சொற்பொழிவுகளில் மிகச் சிறந்ததைக் கேட்டவர்கள் இருவரே. ஒருவர் என் தாயார். மற்றொன்று ஒரு குரங்கு. இருவரில் குரங்குதான் கடைசிவரை கவனமாகக் கேட்டது.

கல்லூரியில் தமிழ் கற்பிப்பவள் நான். மன்னனின் வாயிலில் புலவர்கள் அனுமதிக்காகக் காத்து நின்றதைப் பழம்பாடல்கள் எவ்வாறு பாடுகின்றன என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. குடிப்பிறப்பின் செருக்கு, கொடை, காவலன், கதவு என்று ஐந்தாண்டுகள் ஆராய்ந்தேன். (வாயில்களைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அந்நாளில் நம்பினேன். எந்தக் கதவு திறக்கும் என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.)

என் தாயார் ராசம்மாள், மலைமேல் நாகலூரை அடுத்த ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவில் இருபத்திரண்டு ஆண்டுகள் சமைத்தவர். தோட்டத்துக்கு உரியவர்கள் சமவெளியின் பழைய ஜமீன் ஒன்றின் வழிவந்தவர்கள். அங்கே முன்கதவு குடும்பத்தாருக்கும் விருந்தினருக்கும். தோட்டத்து மக்களுக்குப் பின்கதவு. அப்படி எவரும் எழுதி ஒட்டவில்லை; எழுதாமலேயே எல்லாருடைய கால்களுக்கும் அது தெரிந்திருந்தது. பூப்போட்ட பீங்கான் கோப்பைகளை அம்மா நாள்தோறும் கழுவித் துடைத்து அடுக்குவார். அவர் குடித்தது அலுமினியத் தம்ளரில்.

நான் வேலைக்கு வந்ததும் அம்மாவைச் சேலத்துக்கு அழைத்து வந்துவிட்டேன். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தபோது ஒருநாள், பங்களாவின் காவலர் மாரியப்பன் கைப்பேசியில் அழைத்தார்.

“ராசம்மாக்கா, எஸ்டேட்ட வித்துட்டாங்க. வர்ற ஞாயித்துக்கெழம பத்தரைக்கெல்லாம் பங்களாம்மாவ மகன் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறாருங்க. போறதுக்குள்ள உங்கள ஒருக்கா பாக்கோணுமாம். உங்க கையால அரிசிம்பருப்புச் சோறு ஒருவாய் திங்கோணும்ங்கறாங்க.”

பங்களாம்மா என்று தோட்டமே அழைத்த அந்த அம்மையாருக்கு எண்பது வயது கடந்திருந்தது. கணவர் மறைந்தபின் அத்தனை பெரிய வீட்டில் தனியே இருந்தார். அம்மா கைப்பேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “காதும் கேக்காதாமா இப்ப. ஒருக்கா பாத்துரோணும் அம்மணி. இனி ஏது பாக்கறது?” என்றார்.

அம்மா ஒரு மனுஷியைப் பார்க்கப் புறப்பட்டார். நானோ வரலாற்றைத் திருத்தப் புறப்பட்டேன்.

“போலாம்மா. ஆனா முன்வாசல் வழியாத்தான் போறோம்.”

“எந்த வழியாப் போனா என்ன? பாக்கத்தான போறோம்.”

“அப்பிடியில்ல. நாம இப்ப விருந்தாளி. சோபாவுல உக்காரோணும். தட்டு, டம்ளர் எதையும் கழுவப்படாது.”

நான்கு நாள்கள் ஒத்திகை நடந்தது. எங்கள் வீட்டுச் சோபாவின் விளிம்பில், ஊசிமேல் அமர்ந்தவரைப்போல அம்மா அமர்வார். “சாஞ்சு உக்காருங்கம்மா” என்பேன். “சாஞ்சா தூக்கம் வந்துரும் சாமி” என்பார். (அந்த ஒத்திகையை நினைத்தால் இன்றும் என் காதுமடல் சுடுகிறது.) இதற்கிடையில், பங்களாம்மாவின் முன்னிலையில் நிகழ்த்துவதற்காகச் சமத்துவம் பற்றி மூன்று பக்க உரையொன்றும் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்குத் தோட்டத்தின் வாயிலில் இறங்கினோம். அம்மா பட்டுப்புடவையில் இருந்தார். கையில் சோறு நிறைந்த தூக்குப்போசி. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அவருடைய கால்கள் தாமாகவே பின்பக்கம் திரும்பின. முழங்கையைப் பற்றி முன்பக்கம் இழுத்துச் சென்றேன்.

அழைப்புமணியை அழுத்தினேன், ஒலிக்கவில்லை. கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. முகப்பின் கைப்பிடிச் சுவரில் குரங்கொன்று வந்தமர்ந்து எங்களை வரவேற்றது.

“ஆரையும் காணம். பொறத்தால போயிப் பாத்துட்டு வந்தர்றேன் அம்மணி.”

“வேண்டாம்மா. வேணும்னே காக்க வெக்கறாங்க. பெரிய குடும்பத்துப் பழக்கம் அது.”

சொற்பொழிவு அங்கேதான் தொடங்கியது. காக்க வைப்பவன் உயர்ந்தவன், காத்திருப்பவன் தாழ்ந்தவன் என்ற ஏற்பாட்டின் மேல்தான் அரண்மனைகள் எழுந்தன என்றேன். மழையில் நனைந்தும் பசியில் வாடியும் திறவாக் கதவின் முன் நின்ற புலவர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து அந்த முகப்பில் நிறுத்தினேன். குரங்கு பேன் பார்ப்பதையும் நிறுத்திவிட்டுக் கேட்டது.

அம்மா இடைமறித்தார். “அந்தப் பொலவருங்கல்லாம் பின்கதவுல போயிக் கேட்டிருந்தா அப்பவே சோறு போட்டிருப்பாங்கல்ல?”

என் ஆய்வேட்டைத் திருத்திய அறிஞர் எவரும் கேளாத வினா. நான் மேலே பேசினேன்.

உள்ளே எங்கோ பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. “பாத்தீங்களா? ஆள் இருக்குது. வேணும்னேதான் தொறக்கல.”

“பங்களாம்மாளுக்குத்தான் காது கேக்காதே சாமி.”

“தொறக்க வேற ஆளா இல்ல?”

அம்மா சோற்றின் சூடு ஆறாதிருக்கத் தூக்குப்போசியை முந்தானையால் மூடி மார்போடு அணைத்துக்கொண்டார். மூடுபனி முகப்புக்குள் நுழைந்தது. நான் பிற்காலச் சோழர்வரை வந்துவிட்டேன்.

அப்போது வீட்டின் பின்புறம் கார் ஒன்று உறுமியது. சில்வர் ஓக் மரங்களின் இடையே, கீழ்ப்பாதையில் வெண்ணிறக் கார் இறங்குவது தெரிந்தது. பின்னிருக்கையில் ஒரு நரைத்த தலை. அது சமையற்கட்டின் பக்கமே திரும்பியிருந்தது. அறுபத்தெட்டு வயதான என் தாயார் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்.

“அம்மா! ஏனுங்கம்மா! நாந்தானுங்க, ராசம்மா!”

கேளாத காதுக்கு அந்தக் குரல் எப்படி எட்டும்? வளைவில் பனி காரை மூடிக்கொண்டது.

பின்பக்கமிருந்து மாரியப்பன் ஓடிவந்தார். “இங்கியா நின்னீங்க? அந்தக் கதவு மழையில ஊதி, ஆணியடிச்சு ஏழு வருசமாச்சுங்களே! அந்தம்மா, மகன், நானு, எல்லாருமே பொறத்தாலதானுங்க போக வர. போனு போட்டா டவரும் எடுக்கல. எட்டு மணிக்கே அந்தம்மா நாற்காலியப் போட்டுப் பின்கதவப் பாத்து உக்காந்துட்டாங்க. மகன் கெளம்பலாம், கெளம்பலாம்னாரு. ‘ராசம்மா வந்தா இந்த வழியாத்தான் வருவா, கதவச் சாத்தாதீங்க’ன்னு அசையவே இல்லீங்க.”

அந்த ஒரு வாக்கியத்தில் அன்பு எவ்வளவு, ஜமீன் எவ்வளவு என்று இன்றளவும் பிரித்துப் பார்க்க முயல்கிறேன். என் கல்விக்கு அது எட்டவில்லை.

சமையற்கட்டில் ஒரு சிறு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். மேசைமேல் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் இரண்டு. இரண்டிலும் ஆடை படர்ந்த காப்பி. அந்த அம்மையாரும் தம் பங்கைக் குடிக்காமலே போயிருந்தார். அம்மா ஒரு நாற்காலியில் அமர்ந்தார். நான் கற்றுக்கொடுத்தபடியே சாய்ந்து அமர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழுவிய கோப்பையில், ஆறிய காப்பியை ஒருசொட்டு விடாமல் குடித்தார். பிறகு எழுந்து இரண்டு கோப்பைகளையும் கழுவினார். கழுவக்கூடாது என்று சொல்லும் தகுதி எனக்கு அப்போது இல்லை.

“கழுவாம வெச்சாக் கறை புடிச்சுக்கும்” என்றார், என்னைப் பாராமல். அன்றும் பின்னரும் அவர் என்னைக் கடிந்து சொன்னது அவ்வளவே. அதுவும் கோப்பையைப் பற்றியது.

பின்னொருநாள் அம்மாவும் பங்களாம்மாவும் கைப்பேசியில் பேசினார்கள். “சாப்ட்டீங்களா?” என்று இவர் நான்கு முறை கேட்டார், “ராசம்மா, எப்ப வர்றே?” என்று அவர் நான்கு முறை கேட்டார். அடுத்த காப்பிப் பழப் பறிப்புக்குள் பங்களாம்மா காலமாகிவிட்டார்.

எங்கள் வீட்டில் இது இப்போது வேடிக்கைக் கதை. நான் எதற்கேனும் தாமதித்தால், “இன்னும் முன்வாசல்லதான் நிக்கறாளா?” என்று என் கணவர் கேட்பார். விருந்தினர் வந்தால் என் மகள் குரங்காக நடித்துக் காட்டுவாள். அம்மாவும் எல்லாருடனும் சேர்ந்து கண்ணீர் வரச் சிரிப்பார்.

ஆனால் எங்கள் வீட்டில் அழைப்புமணி ஒலித்தால் அவர் முதலில் முன்கதவுக்குச் செல்வதில்லை. பின்கட்டில் துணி துவைக்கும் கல்லைக் கடந்து போய்ப் பின்கதவைத் திறந்து, அங்கே எவரேனும் காத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் முன்னால் வருகிறார்.