துரைக்கு அளவெடுத்த கோல்

கடல்களையும் கண்டங்களையும் கட்டியாளும் பேரரசின் பிரதிநிதிக்கு, நன்றிப் பெருக்கில் திளைக்கும் நகர மக்கள் மனமுவந்து அளிக்கும் பொற்கோல், தலைமை எழுத்தர் வீட்டுக் கூடத்தில் சுவரோரம் சாய்ந்து நின்றது. பொன் என்றது முலாம். மனமுவந்து என்றது சம்பளப் பிடித்தம்.

மறுநாள் விழா. துரை மனம் குளிர்ந்தால் எழுத்தருக்கு உதவி அதிகாரி பதவி நிச்சயம். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: கோலின் உச்சியிலிருக்கும் சிங்கம், குள்ளமான துரையின் தொப்பிக்கு மேலே ஒரு முழம் எட்டிப் பார்க்கும்.

"குழந்தை கொடிமரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும்டா மச்சான். அறு."

தச்சு வேலை பார்க்கும் மைத்துனன் அடியில் அறுத்தான். இப்போது அடிமுனையில் மாட்டும் பித்தளைப் பூண் ஏறவில்லை.

"மேல போகப் போகக் கட்டை தடிமன் அத்தான். இழைச்சிடறேன்."

இழைத்தான். பூணைத் தட்டி ஏற்றினான். கட்டை பிளந்தது.

"பிளந்ததுக்கு மேல அறு!"

அறுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. மேலிருந்து கீழாகச் செதுக்கியிருந்த பட்டங்களில் பாதி போயிருந்தன. துரையின் பெயர் மரத்தூளில் கிடந்தது.

"மாண்புமிகு, மக்களின் தந்தை, கருணைக்... என்னடா, பாதியில நிக்குது?"

"கடல் கீழ விழுந்துடுச்சு அத்தான்."

"அப்ப கருணையும் வேண்டாம். எடு!"

கருணை போனது. ரம்பம் கோணியதில் தந்தையும் போனார்.

எழுத்தரின் மனைவி எட்டிப் பார்த்தாள். "தம்பி, இன்னும் கொஞ்சம் சின்னதா அறுத்துக் குடுடா. அடுப்புல நுழையணும்."

"வாயை மூடுடி! என் பதவியே இதுலதான் தொங்குது."

விழாவில், 'மாண்புமிகு' மட்டும் மிஞ்சிய கோலைப் பட்டுத் துணியில் கிடத்தி நீட்டினார். துரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிங்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஏதோ சொன்னார். எழுத்தர் அந்த மொழியை முத்துமுத்தாக எழுதுவாரே தவிர, யாராவது பேசினால் பிடிபடாது.

மொழிபெயர்ப்பாளர் அவர் காதருகே குனிந்தார். "ஐயா, வாழ்த்துகள்! துரை உங்களுக்குப் புதுப் பதவி குடுத்துட்டார்."

"உதவி அதிகாரியா?"

"இல்லைங்க. துரைமார் இந்த மாதிரிக் கோலைத் தொடவே மாட்டாங்களாம். ஒருத்தர் இதை ஊன்றிக்கிட்டு அவங்களுக்கு முன்னாடி நடக்கணுமாம். இனிமே அது நீங்கதான். இப்பவே ஊர்வலம் கிளம்புதாம்."

கோல் எழுத்தரின் முழங்கால் வரைதான் வந்தது.