பரவாயில்லை அண்ணை வைத்த பொட்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்தப் பொருளையும் எந்த மனிதரையும் ஒருமுறைகூட 'நல்லது' என்று சொல்லாமல் ஐம்பத்தாறு வயது வரை வந்தவர் ஒருவர்தான். எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் அவர் சோதனையாளராக இருந்தார். நாங்கள் எழுதுவதை ஓட்டிப் பார்த்துப் பிழை பிடிப்பது அவருடைய வேலை. சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் அவர் பரவாயில்லை அண்ணை. அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு அதுதான். அதையும் நாலு வருடத்தில் நான் இரண்டு தரம்தான் கேட்டேன்.

நாவூறு பொல்லாதது என்பது அவர் கொள்கை. நன்றாக இருக்கிறது என்று வாயால் சொன்னால் அந்தப் பொருள் அன்றோடு சரி. தன் ஊரான இணுவிலிலிருந்து அவர் ஓட்டிவந்த புது மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஒருவன், "சோக்கான பைக் அண்ணை" என்றான். பின்னேரம் பின்சில்லில் ஆணி ஏறியிருந்தது. இரண்டு கிழமை அவர் அவனோடு கதைக்கவில்லை.

அவருடைய மகளுக்கு உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்திலும் ஏ. நாங்கள் கேக் வாங்கி வைத்துக் காத்திருந்தோம்.

"பிள்ளை எப்பிடி அண்ணை செய்தது?"

"பெயிலில்லை" என்றார். கேக்கையும் சாப்பிட்டார். அது எப்படி இருக்கிறதென்று யாரும் கேட்கவில்லை.

அவருடைய சோதனை அறிக்கைகளும் அப்படித்தான். 'சரி' என்று எழுதவேண்டிய இடத்தில் 'காலை 11.10க்குத் திறந்தது' என்று எழுதுவார். மனது மிகவும் நிறைந்த நாட்களில், 'இதுவரை விழவில்லை.' எங்கள் வாடிக்கையாளர் ஒரு குளிர்நாட்டு நிறுவனம். பல் வைத்தியரிடம் நேரம் பதிவு செய்யும் மென்பொருளை எங்களிடம் செய்வித்தார்கள். இந்த அறிக்கைகளை அவர்கள் நிதானம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அங்கே ஒரு புது மேலாளர் வந்து, ஒரு படிவம் அனுப்பினார். அதில் ஒரே ஒரு கட்டம்: 'நன்றாக இயங்குகிறது.' வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் சோதனையாளர் அதில் சரி போட வேண்டும். இல்லாவிட்டால் வேலை கொழும்புக் கிளைக்குப் போய்விடும். அண்ணையோடு சேர்த்து நாங்கள் ஆறு பேர். எங்களுக்கு மிஞ்சுவது கொழும்பு, அல்லது வீடு. அணித்தலைவி சர்மிளா அக்காவின் பிள்ளை அந்த மாதம்தான் முன்பள்ளியில் சேர்ந்திருந்தது.

வெள்ளி காலை அக்கா அவர் முன்னால் போய் நின்றார்.

"அண்ணை, ஒரே ஒரு சரி. போட்டு விடுங்கோ."

"ஏலாது தங்கச்சி. முந்தின ஒஃபிசிலை ஒருக்கா, நல்லா ஓடுது எண்டு சொல்ல வாய் திறந்தனான். வாய் மூடேல்லை, சேர்வர் விழுந்திட்டுது."

"அது யாழ்ப்பாணம் முழுக்கக் கரண்ட் நிண்ட நாளெல்லோ அண்ணை?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

அக்கா மூச்சை இழுத்து விட்டார். "சரி, பிழை ஏதும் கிடந்தால் சொல்லுங்கோ. திருத்துவம்."

"மூண்டு தரம் பாத்திட்டன். ஒரு பிழையும் இல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

மத்தியானம் யாரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

மூன்றரை மணிக்கு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, உதிலை ஒரு கறுத்தப் பொட்டு வையும்."

"எதிலை அண்ணை?"

"முதல் பக்கத்திலை. இடது கன்னத்திலை."

கைக்குழந்தைக்குக் கண்ணூறு படாமல் வைக்கும் பொட்டைத்தான் சொல்கிறார் என்பது விளங்க எனக்குச் சில விநாடிகள் எடுத்தன. திரையின் இடப்பக்கக் கீழ் மூலையில் ஒரு புள்ளி வைத்தேன்.

"இவ்வளவு பெரிசு காணுமே அண்ணை?"

"உவ்வளவு சின்னனாவே பிள்ளையளுக்கு வைக்கிறவை?"

பெரிதாக்கினேன். அவர் அதைக் கணினியில் பார்த்தார், கைபேசியில் பார்த்தார். கைபேசியில் பொட்டு நெற்றிக்கு ஏறிவிட்டதென்று திருப்பி அனுப்பினார். இறக்கினேன். பிறகு பிழைப் பட்டியலைத் திறந்து ஒரு வரி பதிந்தார்: 'முதல் பக்கத்தில் கறுப்புப் புள்ளி. காரணம் தெரியும்.'

இப்போது மென்பொருளில் ஒரு குறை இருந்தது. அவர் முகம் தெளிந்தது. 3.52க்குக் கட்டத்தில் சரி போட்டு அனுப்பினார். அனுப்பிவிட்டு அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

சர்மிளா அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். அண்ணை தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அக்காவின் பக்கம் தள்ளினார்.

"கத்தரிக்காய்க் குழம்பு தங்கச்சி. சாப்பிடலாம்."

அடுத்த வருடம் அவர் வேலையை விட்டார். இப்போது இணுவிலில் வெங்காயத் தோட்டம் செய்கிறார். விளைச்சல் எப்படி என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறார். நாங்கள் ஐந்து பேரும் அதே கட்டடத்தில், அதே மேசைகளில் இருக்கிறோம். அவர் போன கையோடு குளிர்நாட்டிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது: முதல் பக்கத்திலுள்ள கறுப்புப் புள்ளியை நீக்கவும். அதை என் பெயரில் பதிந்திருக்கிறார்கள்.

ஐந்து நிமிட வேலை. மூன்று வருடமாக எனக்கு நேரம் கிடைக்கவில்லை.